நர்சரியில் கட்டட வேலை: மூடுவதா, இடம் மாறுவதா, தடுப்பு போட்டு நடத்துவதா?

காலை ஏழு மணி. முந்தைய இரவு முழுக்க வேலை நடந்த வகுப்பறை. ஒட்டியிருந்த கழிவறையில் டைல்ஸ் மாற்றி, புதுக் கதவு மாட்டி, பெருக்கித் துடைத்து, "எல்லாம் க்ளீன் சார்" என்று மேஸ்திரி சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நின்று பார்த்தால் அறை பளிச்சென்றுதான் இருந்தது. எதற்கும் பார்ப்போமே என்று மண்டி போட்டேன். அலமாரிக்கு அடியில் ஒரு டைல்ஸ் சில்லு, கத்தி முனை மாதிரி. கதவு நிலையின் மூலையில் இரண்டு கான்கிரீட் ஆணி. பொம்மைத் தட்டின் கீழ் வரிசையில் நீல மூடி போட்ட ஒரு தண்ணீர் பாட்டில், பாதி அளவு. திறந்தால் தின்னர் வாசம், பெயின்டை இளக்கும் திரவம்.

ஒரு மணி நேரத்தில் அந்த அறைக்குள் 22 பிள்ளைகள் வரவேண்டியிருந்தது. கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைத்துப் பார்க்கிற வயது.

கட்டட வேலை மேற்பார்வைதான் என் தொழில். நர்சரி, குழந்தைகள் காப்பகம் என்று வரும் வேலைகளில் உரிமையாளர்கள் முதலில் கேட்பது, "எத்தனை நாள்ல முடியும்?" அடுத்த கேள்வி, "பிள்ளைங்க இருக்கும்போதே பண்ணிடலாம்ல?" இந்த இரண்டாவது கேள்விக்கு ஆமாம், இல்லை என்று ஒற்றை வார்த்தையில் பதில் கிடையாது. எப்படிப் பார்த்தாலும் நான்கு வழிகள்தான் இருக்கின்றன. பள்ளியை மூடிவிட்டுச் செய்யலாம். பள்ளி விட்ட பிறகு இரவிலும் வார இறுதியிலும் செய்யலாம். தடுப்பு போட்டு ஒரு பக்கம் வேலை, ஒரு பக்கம் வகுப்பு என்று நடத்தலாம். பிள்ளைகளை வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம். எது நல்லது என்று கேட்டால், என்ன வேலை என்று நான் திருப்பிக் கேட்பேன்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். பிள்ளைகள் நடக்கிற வழியும் வேலை நடக்கிற வழியும் ஒரு நாளில் எத்தனை இடத்தில் சந்திக்கின்றன? ஆள் மட்டும் கணக்கில்லை. தூசி வந்து சேர்வதும் சந்திப்புதான். தூங்கும் நேரத்தில் சுவரைத் தாண்டி வரும், கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர் மெஷின் சத்தமும் சந்திப்பு. ராத்திரி விழுந்த ஆணி காலையில் பிள்ளையின் காலுக்குக் கிடைப்பதும் சந்திப்பு. எந்த வழியில் இந்த எண்ணிக்கை குறைகிறதோ அது நல்ல வழி. "ஆயாம்மா பார்த்துப்பாங்க" என்பதை நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஆயாம்மா நன்றாகத்தான் பார்ப்பார். ஆனால் ஒரு பிள்ளைக்கு முகம் கழுவிவிடும் நேரத்தில் மற்றவர்களை யார் பார்ப்பது? கவனம் என்பது தடுப்பு ஆகாது.

மூடிவிட்டுச் செய்வது

சந்திப்பே இல்லாத வழி இது. நீண்ட விடுமுறையில் 10, 15 நாள் கட்டடம் முழுசாக நம் கையில் வரும். தரையை உடைப்பது, சுவரில் பைப்புக்குக் காடி வெட்டுவது, டைல்ஸ் அறுப்பது, பழைய பெயின்ட் சுரண்டுவது போன்ற தூசி வேலைகளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. கான்கிரீட், செங்கல், டைல்ஸ் எதை அறுத்தாலும் சிலிக்கா தூசி பறக்கும். அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997-லேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. சிலிகோசிஸ் என்கிற நுரையீரல் நோயும் இதனால் வருவதுதான். அது வருடக் கணக்கில் வேலை செய்யும் தொழிலாளிக்கு வரும் ஆபத்து, ஒரு வாரத் தூசியில் பிள்ளைக்கு என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஒரு வாரத்தில் சிலிகோசிஸ் வராது. ஆனால் பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடும் இடத்தில் ஒரு வயதுக் குழந்தை 30 முறை போல விடும். அதுவும் தூசி படியும் தரைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து விடும். ஏற்கனவே வீசிங் இருக்கிற ஒரு பிள்ளைக்கு அந்த ஒரு வாரமே போதும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட.

மூடுவதில் இருக்கும் வம்பு வேலை தொடங்கும்போது தெரியாது, முடியும்போதுதான் தெரியும். சொன்ன தேதிக்கு முடிந்த கட்டட வேலையை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். திங்கட்கிழமை திறக்கிறோம் என்று பெற்றோருக்குச் சொல்லியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை வரை பெயின்ட் ஒரு கோட்தான் ஆகியிருக்கிறது. என்ன செய்வார்கள்? சனி, ஞாயிறு இரண்டு நாளும் மூச்சு முட்ட அடித்து, ஜன்னலைத் திறந்துவைத்து, திங்கள் காலை திறந்துவிடுவார்கள். வேலை நடக்கும்போது அத்தனை கவனமாக வெளியே வைத்திருந்த பிள்ளைகளை, வாசம் கூடப் போகாத அறையில், டைல்ஸ் இடுக்கில் பூசிய கிரவுட் காயாத தரையில் கொண்டுவந்து உட்காரவைத்தால் இத்தனை நாள் மூடியதற்கு என்ன அர்த்தம்?

அதனால் திறக்கும் தேதியை முடிவு செய்யாதீர்கள். திறக்கும் நிலையை முடிவு செய்யுங்கள். கடைசி பெயின்ட் அடித்துக் குறைந்தது மூன்று, நான்கு நாள் கதவு ஜன்னல் திறந்து கிடந்திருக்க வேண்டும். தரையை ஈரத் துணியால் இரண்டு முறை துடைத்திருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை நன்றாக ஓடவிட்டிருக்க வேண்டும். மின்சாரப் பெட்டி மூடியிருக்க வேண்டும். கடைசி ஆளும் கடைசிக் கருவியும் வெளியே போயிருக்க வேண்டும். இவை ஆன பிறகுதான் தேதி.

இன்னொன்று, நர்சரி மூடினால் பிள்ளைகள் காற்றில் கரைந்துவிட மாட்டார்கள். வேலைக்குப் போகும் பெற்றோர் யாரிடமாவது விட்டுத்தான் ஆகவேண்டும். அந்த "யாராவது" பத்து வயது அக்காவாகவும் இருக்கலாம். மூன்று வாரத்துக்கு மேல் மூடவேண்டிய வேலை என்றால் இந்த வழி எனக்கு ஒப்பாது. ஆபத்து குறைந்த மாதிரித் தெரியும், உண்மையில் அது நம் பார்வையில் படாத இடத்துக்கு மாறியிருக்கும்.

இரவிலும் வார இறுதியிலும்

எல்லோருக்கும் பிடித்த யோசனை இதுதான். பள்ளி நிற்காது, கட்டணம் நிற்காது, பெற்றோர் கேள்வி கேட்க மாட்டார்கள், பிள்ளைகள் போன பிறகுதானே வேலை. தாளில் எழுதிப் பார்த்தால் சந்திப்பு பூஜ்ஜியம். எனக்கு மிகவும் பயம் இந்த வழியில்தான்.

ஏன் என்றால், மற்ற வழிகளில் வேலையிடத்தை நர்சரியாக ஒரே ஒரு முறை மாற்றுகிறோம். இதில் தினமும் மாற்றுகிறோம். இருபது நாள் வேலை என்றால் இருபது காலை. இருபதிலும் யாரோ ஒருவர் ஒரு ஆணி விடாமல், ஒரு ஒயர் நுனி விடாமல், ஒரு வாளித் தண்ணீர் விடாமல் பொறுக்கியிருக்க வேண்டும். அதைச் செய்வது யார்? இரவு இரண்டு மணி வரை வேலை பார்த்து, தூக்கக் கலக்கத்தில், மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பெருக்குகிற ஆள். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் கண்ணுக்கு அந்த அறை சுத்தமாகத்தான் தெரியும், எனக்கும் நின்று பார்த்தபோது தெரிந்த மாதிரி.

அந்தத் தின்னர் பாட்டில் விஷயத்தை விசாரித்தேன். பெயின்டர் பையன் தூரிகை கழுவ ஊற்றிவைத்தது. கலந்து வைக்க வேறு பாத்திரம் கிடைக்கவில்லை, குடித்துப் போட்ட பாட்டில் கிடந்தது, ஊற்றினான். உலகத்தில் எல்லா வேலையிடத்திலும் நடக்கிற காரியம். வேறு இடமாக இருந்தால் அது சின்ன ஒழுங்கீனம், அவ்வளவுதான். பொம்மைத் தட்டில் இருந்ததால்தான் எனக்குக் கை நடுங்கியது.

தூசியும் இரவில் ஒரு வேலை செய்யும். மிக நுண்ணிய துகள் மணிக்கணக்கில் காற்றிலேயே மிதக்கும். நள்ளிரவில் பெருக்கினால் பாதிதான் கையில் வரும். மீதி விடியற்காலையில் மெத்தை மேலும், மரக்கட்டை பொம்மை மேலும் நிதானமாக வந்து உட்காரும். உலர்ந்த துடைப்பம் போட்டால் உட்கார்ந்த தூசியும் எழுந்துவிடும். ஈரத் துணிதான் சரி. வாக்குவம் கிளீனர் என்றால் ஹெப்பா வடிகட்டி உள்ளது வேண்டும். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கக்கூடிய வடிகட்டி அது. சாதாரண மெஷின் முன்பக்கம் உறிஞ்சிய நுண்தூசியைப் பின்பக்கம் ஊதிவிடும்.

இந்த வழியே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஃபேன் மாற்றுவது, ஒரு கதவு மாட்டுவது, நாலு பிளக் பாயின்ட்டை உயரத்துக்கு ஏற்றுவது போன்ற, ஒரே தடவையில் தொடங்கி முடிகிற வேலைகளுக்கு வார இறுதி நல்லது. வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மதியத்தோடு கருவிகளைக் கட்டிவிட வேண்டும். ஞாயிறு பிற்பகல் சுத்தத்துக்கும் பரிசோதனைக்கும் மட்டும். வார நாள் இரவுகளை நான் சிபாரிசு செய்வதில்லை. செய்தே ஆகவேண்டும் என்றால், மறுநாள் காலை அறையைத் திறந்துவிடும் ஆள் இரவு வேலை பார்த்தவராக இருக்கக் கூடாது. கையில் டார்ச், முட்டிக்கு ஒரு துணி. தரையில் கன்னம் படுகிற அளவுக்குக் குனிந்து டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால், நின்றால் தெரியாத சில்லெல்லாம் நீளமாக நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும்.

தடுப்பு போட்டு நடத்துவது

அதிகம் நடப்பது இதுதான், அதிகம் தப்பாக நடப்பதும் இதுதான். தடுப்பு என்று சொன்னால் பலர் மனதில் வருவது ஒரு பச்சை வலை, அல்லது கயிற்றில் கட்டிய தார்ப்பாய். அவை பெரியவர்களுக்கான குறிப்புகள். "இந்தப் பக்கம் வராதே" என்பதை அவை பெரியவர்களிடம் சொல்லும். மூன்று வயதுக்காரரிடம் அவை சொல்வது வேறு: "உள்ளே என்னமோ இருக்கு, தூக்கிப் பார்."

தடுப்பு என்றால் தட்டினால் ஆடாத ஒட்டுப்பலகை அல்லது தகரம், ஆறடி உயரம், தரையோடு சேர்ந்து. அடியில் இடைவெளி விட்டால் அளவு முக்கியம். விளையாட்டுக் கருவிகளுக்கான பாதுகாப்பு வரையறைகளில் 89 மில்லிமீட்டருக்கும் 229 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட திறப்புகளை ஆபத்தானவை என்று ஒதுக்குவார்கள். உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும் அளவு அது. தடுப்புக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். ஒன்று, இடைவெளியே கூடாது. இருந்தால் நான்கு விரல் அகலத்தைத் தாண்டக் கூடாது. தாங்குசட்டங்களைக் குறுக்காக அடித்தால் வேலைப் பக்கம் வரும்படி அடியுங்கள். பிள்ளைகள் பக்கம் வந்தால் அது ஏணி. தகரத்தின் ஓரங்களை மடித்துவிட வேண்டும், திருகாணி முனைகள் வேலைப் பக்கம் பார்க்க வேண்டும். உள்ளறைத் தடுப்பு என்றால் மேலே கூரை வரை கொண்டுபோய், ஓரங்களில் டேப் ஒட்டி, வேலைப் பக்கத்தில் வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று ஓடவிட வேண்டும். காற்று பிள்ளைகள் பக்கமிருந்து வேலைப் பக்கம் போகிறதா என்று தெரிய, தடுப்பின் இடுக்கில் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் தூசி போகும்.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். தடுப்பில் பிள்ளைகளின் கண் உயரத்தில் கெட்டியான அக்ரிலிக் பதித்து ஒரு ஜன்னல் வையுங்கள். கலவை போடுவதை, கம்பி கட்டுவதைப் பார்க்க வழி இருந்தால் ஏறிப் பார்க்கும் ஆசை பாதி குறைந்துவிடும். ஒரு நர்சரியில் அந்த ஜன்னல் முன்னால் வரிசையே நின்றது.

தடுப்பைவிடக் கதவுதான் பெரிய பிரச்சினை. வேலையாட்களுக்குத் தனி வாசல் உண்டா, இல்லையா? இதற்கு இல்லை என்று பதில் வந்தால் தடுப்பு யோசனையை அங்கேயே விட்டுவிடுவேன். ஒரே கேட் என்றால் மணல் வண்டி வரும்போதெல்லாம் அது திறந்தே கிடக்கும். லாரி ஓட்டுநருக்கு வண்டிக்கு நேர் முன்னாலும் நேர் பின்னாலும் மூன்றடி உயரமுள்ள எதுவும் தெரியாது. பிள்ளைகளை விடும் நேரம், அழைத்துப்போகும் நேரம், இந்த இரண்டுக்கும் முன்பின் அரை மணி நேரம் எந்த வண்டியும் உள்ளே வரக் கூடாது என்பதை ஜல்லி, சிமென்ட் கொண்டுவருபவர்களிடம் எழுத்திலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் வரும் வண்டிக்குக் கை காட்ட ஓர் ஆள் எப்போதும் நிற்க வேண்டும். வேலையாட்களுக்குத் தனிக் கழிவறையும் வேண்டும். அவர்கள் மேல் சந்தேகம் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது, இரண்டு தரப்புக்குமே அதுதான் மரியாதை. யாரும் பிள்ளைகள் பகுதிக்குத் தனியாக வரத் தேவையில்லாதபடி ஏற்பாடு இருந்தால் பிறகு பேச்சுக்கே இடமில்லை.

சத்தத்துக்குத் தடுப்பு பெரிதாக உதவாது. மழலையர் பள்ளியில் பிள்ளைகள் தூங்கும் அறைக்கு 30 டெசிபல், வகுப்பு நேரத்தில் 35 டெசிபல் என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வழிகாட்டு அளவு சொன்னது. கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர் பக்கத்தில் 100 டெசிபலைத் தொடும். ஒட்டுப்பலகை எவ்வளவு குறைத்துவிடும்? உடைப்பதைத் தூங்கும் நேரத்தில் நிறுத்துவது ஒன்றே வழி. அபாய மணி, அழும் குழந்தையின் சத்தம் இரண்டும் அந்த இரைச்சலில் கேட்காமல் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். தடுப்பு எழுப்பும்போது அவசர வழி ஒன்று அடைபடுவதும் வழக்கமாக நடப்பது. தடுப்பு நின்ற அன்றே பிள்ளைகளை மாற்று வழியில் ஒரு தடவை நடத்திப் பார்த்துவிட வேண்டும். வெல்டிங் நடந்தால் முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் தீயணைப்பானோடு ஓர் ஆள் அங்கேயே நிற்க வேண்டும்.

தண்ணீரைத்தான் எல்லோரும் மறப்பார்கள். செங்கல் நனைக்கும் தொட்டி, டிரம், பாதி நிரம்பிய பெயின்ட் வாளி. நடை பழகும் குழந்தைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். வாளிக்குள் எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் தானாக எழத் தெரியாது, சில அங்குலத் தண்ணீரே போதும். சத்தமும் வராது. வேலை முடியும்போது எல்லா வாளியும் கவிழ்ந்திருக்க வேண்டும், எல்லாத் தொட்டிக்கும் கனமான மூடி இருக்க வேண்டும்.

இதையெல்லாம் ஒன்று விடாமல் செய்த ஓர் இடத்தில்தான் அது நடந்தது. பக்கவாட்டில் புது அறை. தகரத் தடுப்பு, தனி வாசல், பூட்டு, எல்லாம் சரி. ஒரு நாள் காலை வந்து பார்த்தால், முந்தைய மாலை போட்ட தரைக் கான்கிரீட்டில் ஒரு பிஞ்சுக் கால் தடம். ஐந்து விரலும் தெளிவாக. மிஸ்ஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஈர சிமென்ட் கடுமையான காரம், தோலை அரிக்கும். அத்தனை பிள்ளைகளின் பாதத்தையும் பார்த்தோம், எதிலும் ஒன்றுமில்லை. தடுப்பைச் சுற்றி இரண்டு முறை நடந்தேன், ஓட்டை இல்லை. கடைசியில் கலவை போட்டுக்கொண்டிருந்த அக்கா மெதுவாக, "அது எம் பொண்ணு தடம் சார்" என்றார். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் மூன்று வயதுப் பெண்ணை நான்கு நாளாகக் கூடவே கூட்டிவந்து மணல் குவியல் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறார். உள்ளங்கால் லேசாகச் சிவந்திருந்தது. நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி டாக்டரிடம் காட்டினோம். ஆறடித் தடுப்பு கட்டியபோது, எந்தப் பக்கம் பிள்ளைகள் இருப்பார்கள் என்று எங்கள் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. கரஸ்பாண்டென்ட் மேடம் அன்றே அந்தப் பெண்ணைத் தடுப்புக்கு இந்தப் பக்கம், மூன்று வயது வகுப்பில் உட்காரவைத்தார். அதற்குப் பிறகு நான் எடுக்கும் எந்த வேலையிலும், "உங்க கூட பிள்ளைங்க யாராவது வருவாங்களாம்மா?" என்று முதல் நாளே கேட்டுவிடுகிறேன்.

வேறு இடத்துக்கு மாறுவது

இது செலவான வழி, அலைச்சலான வழி. ஆனால் ஒரு வேலைக்கு இதை விட்டால் வேறு வழியே கிடையாது: மாடி எழுப்புவது. பக்கத்துப் பக்கமாக இருக்கும் இரண்டு இடங்களைத் தடுப்பால் பிரிக்கலாம். மேலும் கீழுமாக இருப்பவற்றைப் பிரிக்க முடியாது. மூன்று மீட்டர் உயரத்திலிருந்து கை தவறிய ஒரு போல்ட் தரையைத் தொடும்போது மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். ஆறு மீட்டர் என்றால் 39. சாரத்தில் வலை கட்டலாம்தான், செங்கல்லைப் பிடிக்கும், சின்ன ஆணியை விட்டுவிடும். தளம் போட்ட பிறகும் கதை முடியவில்லை. நீளத்தைப் பொறுத்து ஒன்று, இரண்டு வாரமாவது தளத்தைத் தாங்கும் முட்டுகளை எடுக்க முடியாது, குறைந்தது ஏழு நாள் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்க வேண்டும். இத்தனையும் நடக்கும்போது கீழே "ஒரே ஒரு வகுப்பு மட்டும்" என்று கேட்பவர்களிடம் நான் விவாதிப்பதில்லை. வேலையை எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

மாறுகிற இடத்தில் கட்டட வேலை இல்லை என்பதாலேயே அது பாதுகாப்பு ஆகிவிடாது. அவசரத்தில் பிடித்த வீட்டில் மாடிப்படிக் கைப்பிடிக் கம்பிகள் அகலமாக இருக்கும். ஜன்னல் பக்கம் கட்டில் கிடக்கும். தண்ணீர்த் தொட்டி மூடி லேசாக இருக்கும். கேட் தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டும். பழைய நர்சரியில் பத்து வருடத்தில் ஒவ்வொன்றாகச் சரிசெய்ததை இங்கே ஒரு வாரத்தில் செய்ய வேண்டும். மாறிய முதல் மூன்று நாள் தலை எண்ணுவதை இரண்டு மடங்காக்குங்கள். புது இடத்தில் பிள்ளைகள் தொலைவது வெளியே ஓடி அல்ல, உள்ளேயே, யாருக்கும் பழக்கமில்லாத ஓர் அறையில். அதே பாய், அதே பொம்மைப் பெட்டி, அதே ஆயாம்மா கூடப் போனால் அழுகை சீக்கிரம் அடங்கும்.

அதே வளாகத்தில் மைதானத்தில் கன்டெய்னர் அறை போட்டு உட்காரவைப்பதையும் "மாறிவிட்டோம்" என்று சொல்வார்கள். என் கணக்கில் அது மாறுவது ஆகாது. லாரி போகும் வழி அந்த அறை வாசலைத் தாண்டித்தான் போகிறது என்றால், அதற்குத் தடுப்பு வழியின் எல்லா விதிகளும் பொருந்தும்.

கட்டடம் பழசு என்றால்

மேலே சொன்ன ஒப்பீடு எல்லாம் ஒரு கேள்விக்குப் பிறகுதான். உடைக்கப்போகும் இடத்தில் பழைய எண்ணெய்ப் பெயின்டோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ இருக்கிறதா? பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். விழுங்கிய ஈயத்தைச் சிறு குழந்தைகளின் உடம்பு பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும் என்றும் சொல்கிறது. அந்தப் பெயின்டை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் தீ வைத்து உரிப்பதும் மூளையைப் பாதிக்கும் தூசியையும் புகையையும் அறை முழுக்கப் பரப்புகிற காரியம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் விரிசல் இல்லாமல் இருந்தால் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது. துளை போட்டாலோ அறுத்தாலோ நார் பறக்கும். இந்த இரண்டில் எது இருந்தாலும் இரவு வேலை, தடுப்பு என்ற பேச்சே வேண்டாம். பரிசோதனைக்கு மாதிரி கொடுங்கள். இருப்பது உறுதியானால் பிள்ளைகள் வெளியே போன பிறகு, அந்த வேலை தெரிந்தவர்களை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

நான் எப்படி முடிவு செய்வேன்

நடைமுறையில் ஒரே வழியில் முடிகிற வேலை குறைவு. சமீபத்தில் ஒரு நர்சரியில் கழிவறைகளைப் புதுப்பித்து, பக்கத்தில் ஓர் அறை சேர்க்க வேண்டும் என்றார்கள். கழிவறை இல்லாமல் நர்சரி ஒரு நாள் கூட நடக்காது, அது உடைக்கும் வேலையும் கூட. அதனால் அதை விடுமுறைக்குத் தள்ளினோம். பக்கத்து அறைக்கு அஸ்திவாரம் தோண்டுவதையும் அதே விடுமுறையில் முடித்து, மண்ணை நிரப்பி, குழி என்று ஒன்று இல்லாமல் ஆக்கினோம். சுவர் எழுப்புவதும் பூசுவதும் பள்ளி நடக்கும்போது, தடுப்புக்குப் பின்னால், தனி வாசலோடு. பழைய சுவரை உடைத்து இரண்டு அறையையும் இணைக்கும் கடைசி வேலைக்கு மட்டும் ஒரு நீண்ட வார இறுதி. மொத்தத்தில் ஆறு வாரம் அதிகமானது. மேடம் முகம் சுளித்தார், ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

எஸ்டிமேட்டில் நான் விடாமல் கேட்பது இரண்டு. ஒன்று, தினசரிச் சுத்தத்துக்குத் தனி வரி, தனி ஆள். "அதெல்லாம் நம்ம பசங்களே பார்த்துப்பாங்க" என்று அதை மற்ற வேலையோடு சேர்த்தால் யாரும் செய்ய மாட்டார்கள். இரண்டு, வேலையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பது. காண்டிராக்டருக்கு அந்த அதிகாரம் இருந்தால் நிறுத்த மாட்டார், ஒவ்வொரு நாளும் அவருக்கு நஷ்டம். உரிமையாளரும் தயங்குவார். காலையில் மண்டி போட்டுப் பார்க்கிற ஆளுக்கே அதைக் கொடுங்கள், அது ஆயாம்மாவாக இருந்தாலும் சரி. அவர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை சாவி அவரிடம் இருக்கட்டும்.

அன்று அந்தத் தின்னர் பாட்டிலை வெளியே வைத்துவிட்டு நின்றபோது மணி ஏழேகால். பெற்றோருக்கு என்ன எழுதி அனுப்புவது என்று யோசிக்கவே அந்த நர்சரி மேடத்துக்கு இருபது நிமிடம் ஆனது. அதற்குள் இரண்டு பேர் வண்டியில் பிள்ளையோடு வந்து கேட்டில் நின்றுவிட்டார்கள். இப்போதெல்லாம் வேலை தொடங்கும் முன்பே அந்தச் செய்தியை எழுதி ஆயாம்மாவின் போனில் போட்டுவைத்துவிடுகிறோம்: "வேலை நடந்த அறை இன்னும் தயாராகவில்லை. இன்று வகுப்பு இல்லை. மன்னிக்கவும்." ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.